மேஜர் வைத்த சேனை

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். கொட்டகலை பஜாரில் மரக்கறிக் கடை வைத்திருப்பவரிலிருந்து, ராகலையிலிருந்து பஸ் மாறி மாறி வரும் பழைய சிப்பாய் வரைக்கும் எல்லாரும் இந்த முன்னறையில் உட்கார்ந்து, நான் ஊற்றிக் கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "மேஜர் ஐயா மாதிரி ஒரு மனுசன் இனிப் பொறந்துதான் வரணும்." நானும் தலையாட்டுகிறேன். கிளாசுகளைக் கழுவும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவுகிறேன்.

எனக்குப் பொறாமை. செத்தவர் மேல் என்ன பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடு இருந்தபோது இருந்தது இப்போது எங்கே போகும்? அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். குறை சொல்ல ஓர் இடம் விட்டுவைக்காத மனுசனோடு நீங்கள் குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு.

அவருடைய அப்பா பொல்பிட்டிய மின்நிலையத்தில் கூலிவேலை செய்தவர். சுற்றி முழுக்கச் சிங்களக் குடும்பங்கள். அதனால் இவருக்குச் சிங்களம் தாய்மொழி மாதிரி வந்தது. தோட்டத்துப் பையன்கள் எல்லாம் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன காலத்தில் இவர் மட்டும் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, பாலம் கட்டுகிற, ரோடு போடுகிற பிரிவில் ஒவ்வொரு படியாக ஏறி அதிகாரியானார். கடைசியில் மேஜர். எங்கள் ஆட்களில் அப்படி எத்தனை பேரைப் பார்க்கலாம்? அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும்.

ஆனால் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொள்வது என்றால் என்ன? புருசன் பேரில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, சுவரில் ஒரு போட்டோ. ஆள் இருக்க மாட்டார். இருபது வருசத்துக்கு மேல் அப்படித்தான் இந்த வீட்டில் நான் குடித்தனம் நடத்தினேன்.

மகள் பிறந்தபோது அவர் வடக்கில் ஏதோ ஓர் உடைந்த பாலத்தடியில் நின்றார். லீவு கிடைத்து அவர் வந்து பார்க்கும்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணியை விரலால் தொட்டு வைப்பது. சேனை வைப்பது என்போம். சேனை வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள். கோபக்காரர், சண்டைக்காரி, சோம்பேறி எல்லாரும் அன்றைக்குக் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியதுதான். பெற்றவளே வைப்பது வழக்கமில்லை. என் மாமியார் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நாத்தனாரும் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்கு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. வலியெல்லாம் நான் பட்டேன், குணத்தை மட்டும் வேறொருத்தி கொடுப்பாளா?

"இது எம் புள்ள. நானே வெக்கிறேன்" என்றேன்.

"ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கே" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கி வைத்தால் வைக்கட்டும். நான் விரலைத் தொட்டு வைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டினாள்.

பிறகு நான் பக்கத்துத் தோட்டத்தில் புள்ள காம்பராவுக்கு வேலைக்குப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நான்தான் ஆயம்மா. ஏணைத் தொட்டிலை ஆட்டி, பால் கரைத்துக் கொடுத்து, மூக்கைத் துடைத்து, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் என் மடியில்தான் வளர்ந்தார்கள். என் கைராசி எப்படியோ பரவிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் எங்கே பிள்ளை பிறந்தாலும், "ஆயம்மா, நீங்கதான் வந்து சேனை வெக்கணும்" என்று கூப்பிட ஆள் வரும். மிட்வைஃப் நோனாவுக்குத் தெரிந்தால் கண்டபடி ஏசுவார். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டும் கூடாது என்பார். அதனால் விரல் நுனியை நனைத்து நாக்கில் பட்டும் படாமலும் வைப்பேன். "ஆயம்மா வெச்ச புள்ள அடம் பிடிக்காது" என்று பேசிக்கொள்வார்கள். காது குளிரக் கேட்டுக்கொண்டு வருவேன். எனக்கு இருக்கிற அடம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

என் மகளும் அந்தக் காம்பராவில்தான் வளர்ந்தாள். அழுகிற பிள்ளையை மடியில் வைத்திருக்கும்போது, தன்பாட்டில் இருக்கிற சொந்தப் பிள்ளையை யார் தூக்குவார்? சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த கைப்பிள்ளையின் காலைக் கடித்து வைத்தாள். அவள் முதுகில் ஒன்று வைத்தேன். வேறு என்ன செய்வது, ஊரார் பிள்ளை இல்லையா?

லீவில் இவர் வருகிற நாள்தான் எங்கள் வீட்டில் திருவிழா. கோச்சியிலிருந்து அந்தப் பச்சைப் பையோடு இறங்குவார். மகள் பிளாட்ஃபாரத்தில் தலைதெறிக்க ஓடுவாள். பைக்குள் பட்டாளத்து பிஸ்கட், டின் மீன், டொபி. வந்த மறுநாளே அவளுடைய சப்பாத்தை முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் பண்ணி வைப்பார். யூனிஃபோமை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணுவார். பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். பத்து நாளில் அவ்வளவையும் செய்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நாளெல்லாம் பேன் பார்க்கவும், பூச்சி மருந்து குடிக்க வைக்கவும், கணக்குப் பாடத்துக்காகக் குட்டவும் நான். காய்ச்சல் வந்தால் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று முனகுவாள். நோகாமல் நல்ல பேர் வாங்குகிறார் பார், என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாருக்கும் அவரைப் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் வாடகைக்கு இருந்தார். இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பவர். என்னோடு நன்றாகப் பேசுவார். இவர் யூனிஃபோமோடு வாசல் படலையைத் திறந்தால் வாத்தியார் கதவை மூடிக்கொள்வார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவருக்கு என்ன இழப்போ, எனக்குத் தெரியுமா? லயத்திலும் சிலர், "தமிழனா இருந்துக்கிட்டு அங்க என்னா வேலை?" என்று என் காதுபடப் பேசியிருக்கிறார்கள். அதையெல்லாம் கேட்டது நான்தான். அவர் காதில் ஒன்றும் விழுந்ததில்லை. அவர்தான் ஊரில் இல்லையே.

சண்டை முடிந்த பிறகும் சில வருசம் அங்கேயே கண்ணிவெடி எடுக்கிற வேலையில் நின்றார். அப்புறம் ஓய்வுபெற்று ஒரேயடியாக வந்து சேர்ந்தார். எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. தினமும் வீட்டில் கிடந்தால் மகளுக்குச் சலித்துப் போகும், பத்து நாள் மவுசு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது! விடியும் முன்பே எழும்பி, போர்வையை நாலு மூலை பிடித்து மடித்து, வாசல் கூட்டி, எனக்குத் தேத்தண்ணி போட்டு வைத்துவிடுவார். என் குசினி டின்களை உயர வரிசைப்படி, சிப்பாய்கள் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி அடுக்கி வைத்தார். மாசிச் சம்பல் இடித்தால் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த வாத்தியார் ஒருநாள் தானாக வந்து படலையைத் திறந்து, இவரோடு உட்கார்ந்து கரம் போர்ட் விளையாடினாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இத்தனை வருசம் அந்த வீட்டுக்குப் பொங்கலும் வடையும் கொடுத்தனுப்பியவள் நான்.

மகள் நுவரெலியாவில் பேங்க் வேலைக்குப் போய், அங்கேயே ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் என் போனுக்குத்தான் எடுப்பாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். நீ..."

"சரி, அப்பாகிட்டக் குடுங்க."

அவ்வளவுதான். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அதற்குப் பிறகு இவர் தோட்டத்துப் பக்கம் நடந்துகொண்டே சிரித்துச் சிரித்துப் பேசுவார். வீட்டில் என்னோடு நாலு வார்த்தை பேசாத மனுசனுக்கு அங்கே அப்படி என்ன கதை? "என்னா சொன்னா?" என்று கேட்டால், "ஒன்னும் இல்ல புள்ள, சும்மாதான்" என்பார்.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டேன். அப்பாவோடு பேசட்டும், சிரிக்கட்டும், என்னவோ செய்யட்டும். பேரப்பிள்ளைக்குச் சேனை வைப்பது நான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்த கை இது. இதில் யார் போட்டிக்கு வர முடியும்? என் அம்மா கொடுத்த சின்ன வெள்ளிக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

தலைப்பிரசவத்துக்கு வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் இதெல்லாம் நடக்காது, வீட்டுக்கு வந்த பிறகுதான். பிள்ளையைக் கூட்டி வந்த அன்று காலை மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வந்திருந்தார்கள். நான் குளித்து, விளக்கேற்றி, கிண்ணத்தில் சீனித் தண்ணி கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். விரலை நனைக்கப் போகிறேன்.

"அம்மா, இருங்க" என்றாள் மகள். "அப்பா வெக்கட்டும்."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். இவர், "எனக்கென்னா தெரியும், அம்மாதான் வெக்கணும்" என்று பின்வாங்கினார். "இல்லப்பா, நீங்கதான்" என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நான் கிண்ணத்தை அவர் கையில் திணித்தேன்.

"மேஜர் ஐயாவே வெக்கட்டும். நல்ல குணம் வேணுமில்ல புள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு குசினிக்குப் போய்விட்டேன். கழுவிய சட்டிகளையே திரும்பவும் கழுவினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவடியில் வந்து நிற்கிறார். "புள்ள, எந்த வெரலுன்னு சொல்லு."

"ஏன், உங்க பட்டாளத்துல சொல்லிக் குடுக்கலையா?"

"கோவிச்சுக்காத. எனக்குப் பயமா இருக்கு. இவ்வளவு சின்னப் புள்ளைய நான் தொட்டதே இல்ல."

கண்ணிவெடியைக் கையால் கிளறி எடுத்த ஆள். பயமாம்! மோதிர விரல் என்று சொன்னேன். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவினார், திரும்பவும் கழுவினார். நான் கதவிடுக்கால் பார்த்தேன். அந்தப் பெரிய விரல் பிள்ளையின் வாயருகே போய் நின்றுவிட்டது. மகள் அவர் கையைப் பிடித்து வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டியது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தேத்தண்ணி மட்டும் காலையில் வழக்கம்போலப் போட்டு வைத்தார்.

பேத்தி வளர வளர என் எரிச்சலும் வளர்ந்தது. அதிகாலையில் எழும்புவாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ண மாட்டாள். நடக்கத் தொடங்கியதும் வாசலில் கிடக்கிற செருப்புகளை ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்தாள். "பாத்தீங்களா, சேனை வெச்ச கை!" என்று சம்பந்தியம்மா கைகொட்டினார். வருகிறவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். இவர் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு கோச்சி போவதைக் காட்டப் போவார். முதல் வார்த்தையும் தாத்தாதான். நான் அம்மாயி. அந்த வார்த்தை வர அவளுக்கு இன்னும் பல மாதம் ஆனது. சொல்லக் கஷ்டமாம்!

போன வருசக் கடைசியில் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கொஞ்ச நாள். ஒரு காலையில் போர்வையை மடித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சாய்ந்து கிடந்தார். போகிற அன்றைக்குக்கூட எனக்கு ஒரு வேலை மிச்சம் வைக்கவில்லை.

பட்டாளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெட்டிமேல் கொடி போர்த்தி, தொப்பியை வைத்து, வேட்டுப் போட்டார்கள். அதே நேரம் கீழே தோட்டத்துப் பையன்கள் தப்படித்தார்கள். யாழ்ப்பாணத்து வாத்தியார் என்னிடம் வந்து, "கனகாலம் நான் அவரோட கதைக்கேல்லை அக்கா. பிறகு கதைக்காமல் இருக்கேலாமப் போச்சு" என்று சொல்லிக் குலுங்கி அழுதார். மகள் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். புருசன் பெட்டியில் கிடக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நினைத்தேன் தெரியுமா? நான் செத்தால் இவள் இப்படி அழுவாளா? அதைத்தான் நினைத்தேன்.

நேற்று மகள் பேத்தியோடு வந்திருந்தாள். அவருடைய துணிமணிகளை ஒதுங்க வைக்கலாம் என்று இரண்டு பேரும் அலமாரியைத் திறந்தோம். எல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. மேல்தட்டில் தொப்பி. அவள் அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, இத நான் கொண்டு போறேன்."

"வெய்யி அங்க."

"அப்பா ஞாபகமா எனக்கு ஒன்னு வேணாமா?"

"உனக்கு அப்பாதான் முழுசா இருந்தாரே! இன்னும் என்னா ஞாபகம்?" என்று கத்திவிட்டேன். ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும் எனக்கு. "போன் எடுத்தா அப்பா. காய்ச்சல்னா அப்பா. எம் பேத்திக்கு ஒரு சேனை வெக்கக்கூட நான் லாயக்கில்ல. தோட்டமே என் கையக் கேட்டு வந்துச்சுடி. பெத்த மக நீ கேக்கல!"

அவள் தொப்பியைக் கட்டிலில் போட்டாள். முகம் சிவந்துபோய்விட்டது.

"அதான்மா! தோட்டமே கேட்டுச்சு. அத்தனை புள்ளைங்களுக்கும் வெச்ச வெரலு அது. எம் புள்ளைக்கு எதுக்கு அந்த வெரலு? அப்பா யாருக்கும் வெச்சதில்ல. எனக்குக்கூட வெக்கல. எம் புள்ளைக்கு வெக்கிறவங்க வேற ஒரு புள்ளைக்கும் வெச்சிருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். போதுமா? அந்தக் காம்பராவுல உங்க மடி எனக்கு என்னிக்காச்சும் காலியா இருந்திச்சா? நான் செவுத்தோரமா ஒக்காந்துதானே பாத்துக்கிட்டு இருந்தேன்? ஒரு நாளு பொறுக்க மாட்டாமக் கடிச்சேன். அதுக்கும் என் முதுகுலதான் வெச்சீங்க."

அப்பா பிள்ளை, அப்பா பிள்ளை என்று இத்தனை வருசமாக நான் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். இவள் என் மடிக்காக எரிந்திருக்கிறாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். "வா" என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

வாசலில் செருப்பு அடுக்கிக்கொண்டிருந்த பேத்தி, சத்தம் கேட்டு ஓடி வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்து மடியில் ஏறி உட்கார்ந்தாள். நான் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

மகள் திரும்பினாள். என் மடியில் இருந்த தன் சொந்தப் பிள்ளையை, அந்த நாலு வயசுக் குழந்தையை, அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குச் சேனை வைத்தவள் நான்தான்.